ரிவெர்ப் போட்டதும் கிட்டார் குளியலறைக்குள் போய்விடுகிறதா?

கேள்வி: படுக்கையறையில் ஒரே ஒரு கண்டென்சர் மைக்கை வைத்து அகூஸ்டிக் கிட்டார் பதிவு செய்கிறேன். எதுவும் சேர்க்காமல் கேட்டால் உயிரே இல்லை. ரிவெர்ப் (ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பி நீடிக்கும் விளைவு) சேர்த்தால் குளியலறையில் உட்கார்ந்து வாசித்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு நல்ல அறையில் வாசித்தது போல இயல்பாக வர என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் கோளாறு ரிவெர்பில் இருக்காது, பதிவில் இருக்கும். உங்கள் டிராக்கில் ஏற்கெனவே ஓர் அறை இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலிக்குப் பின்னால் ஐந்தாறு மில்லி விநாடியில் மைக்குக்கு வந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் வருவதைக் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை, கிட்டாரின் சொந்தக் குரலாகவே எடுத்துக்கொள்கிறது. நேரொலியும் இதுவும் கலக்கும்போது சில அலைவரிசைகள் அமுங்கும், சில வீங்கும். அந்த அடைத்த ஒலியின் மேல் நீங்கள் ஒரு பெரிய ஹாலைப் போடுகிறீர்கள். சின்ன அறை மொத்தமாக ஹாலுக்குள் ஒலிக்கிறது. எந்த ரிவெர்ப் பிளகினாலும் (பதிவு மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) இதைச் சரிசெய்ய முடியாது.

அதனால் முதல் வேலை, பதிவில் அறையைக் குறைப்பது. வாசிக்கும் இடத்தில் நின்று ஒருமுறை ஓங்கிக் கை தட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் உலோகம் அதிர்வது போல ஒரு சிறு ரீங்காரம் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இடத்தை மாற்றுங்கள், அல்லது தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மைக்கின் முதுகுப் பக்கம் போர்வை கட்டுகிறார்கள். வீட்டில் நாம் பயன்படுத்தும் மைக் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. அதற்குப் பின்பக்கம் காது மந்தம். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். போர்வை உங்கள் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். மைக்கை, கிட்டாரின் கழுத்து அதன் உடலோடு சேரும் இடத்துக்கு நேரே, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி குமுறும். அந்தக் குமுறலும் பிறகு ரிவெர்புக்குள் போய்ப் பெருகும்.

சரி, டிராக் சுத்தமாக வந்துவிட்டது. இனி ரிவெர்ப். கிட்டார் டிராக்கின் மேலேயே பிளகினைப் போடாதீர்கள். தனியாக ஒரு பஸ் (துணை டிராக்) திறந்து, அதில் ரிவெர்பை நூறு சதவீதம் ஈரமாக, அதாவது நேரொலி கலக்காமல் ரிவெர்ப் மட்டும் வரும்படி வைத்து, கிட்டார் ஒலியின் ஒரு நகலைச் சென்ட் மூலம் அதற்கு அனுப்புங்கள். அப்போதுதான் கிட்டாரின் தொனியைத் தொடாமல் ரிவெர்பின் தொனியை மட்டும் செதுக்க முடியும். ஒரு மைக்கில் பதிந்த கிட்டார் மோனோவாக நடுவில் இருக்கட்டும், ரிவெர்ப் மட்டும் ஸ்டீரியோவாக இரு பக்கமும் விரியட்டும். அறை என்ற உணர்வில் பாதி இதிலேயே வந்துவிடும்.

அடுத்தது ப்ரீ-டிலே. பலரும் பூஜ்யத்திலேயே விட்டுவிடும் இந்த ஒரு திருகுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நேரொலி வந்து எவ்வளவு நேரம் கழித்து அறை பேசத் தொடங்குகிறது என்பதை இது தீர்மானிக்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவர் மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப 20 மில்லி விநாடி. அந்த எண்ணைப் போட்டாலே காது, 'இது படுக்கையறை இல்லை, நல்ல விசாலமான அறை' என்று எடுத்துக்கொள்ளும். கூடவே, விரல் கம்பியைத் தொடும் அந்த முதல் கணம் ரிவெர்பில் மூழ்காமல் தெளிவாக நிற்கும். 15 முதல் 30 வரை நகர்த்திக் கேளுங்கள். அதற்கு மேல் போகப் போக, ரிவெர்ப் கிட்டாரை விட்டுப் பிரிந்து தனி எதிரொலியாகக் கேட்க ஆரம்பிக்கும்.

அப்புறம் தொனி. நிஜ அறையில் காற்றும் திரைச்சீலையும் ஆட்களின் உடைகளும் உச்ச அலைவரிசைகளை முதலில் விழுங்கிவிடும். அதனால் இயல்பான ரிவெர்ப் எப்போதும் கிட்டாரைவிடச் சற்று இருண்டிருக்கும். பஸ்ஸில் ரிவெர்புக்கு முன்னால் ஓர் ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுங்கள். விரல் கம்பியில் வழுக்கும்போது வரும் கீச்சொலி அறை முழுக்கத் தெறிப்பதும் இதோடு நின்றுவிடும். கீழ்ப்பக்கம் 250 ஹெர்ட்ஸ் வரை வெட்டுங்கள். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, உடலின் காற்று அதிர்வு 100-ஐ ஒட்டி இருக்கிறது. இவை இரண்டும் ரிவெர்புக்குள் போனால் சேறுதான். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் 600-க்குக் கீழேயும் 10,000-க்கு மேலேயும் வெட்டி அனுப்பும் வழக்கம் புகழ்பெற்றது. பல வாத்தியங்கள் கலந்த பாட்டுக்கு அது சரி. கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கும்போது 600 வரை வெட்டினால் அறை மெலிந்துபோகும்.

நீளத்துக்குப் பாட்டின் வேகம்தான் அளவுகோல். 60,000-ஐ பிபிஎம் (ஒரு நிமிடத்துக்கு எத்தனை தாளம்) எண்ணால் வகுத்தால் ஒரு தாளத்துக்கு எத்தனை மில்லி விநாடி என்று வரும். 80 பிபிஎம்மில் அது 750. இரண்டு தாளத்துக்கு ஒருமுறை கார்டு மாறினால் உங்களுக்கு ஒன்றரை விநாடிதான் இருக்கிறது. பழைய கார்டின் வால் புதியதின் மேல் படியாமல் இருக்க, டிகேயை (ரிவெர்ப் அடங்க எடுக்கும் நேரம்) ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக வைத்தால் போதும். வேகமான ஸ்ட்ரம்மிங்குக்கு 0.6 முதல் 0.8 விநாடி.

எந்த வகை ரிவெர்ப்? 'ரூம்' அல்லது 'சேம்பர்' வகையில் தொடங்குங்கள். 'பிளேட்' என்பது 1957-இல் வந்த ஈஎம்டி 140 போன்ற, தொங்கவிட்ட எஃகுத் தகட்டை அதிரவைக்கும் கருவிகளின் ஒலி. குரலுக்கு அழகு, ஆனால் அறை மாதிரி கேட்காது. நிஜ அறையே வேண்டுமென்றால், ஓர் இடத்தில் பதிந்த ஒலியைக் கொண்டு அந்த இடத்தின் ரிவெர்பையே உருவாக்கும் கன்வல்யூஷன் ரிவெர்ப் பாருங்கள். உண்மையான இடங்களில் இதற்காகப் பதிந்த இம்பல்ஸ் ஒலிகளை யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் வைத்திருந்தால் அதிலேயே இருக்கும் ரியாவெர்ப் அவற்றைத் திறக்கும். தேவாலயங்களின் மேல் ஆசைப்படாதீர்கள். சின்ன அரங்கு ஒன்றைத் தேடி எடுங்கள்.

அளவு வைக்க, ரிவெர்ப் நன்றாகக் கேட்கும்வரை சென்டை ஏற்றிவிட்டு 3 டெசிபல் இறக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸை மியூட் செய்து பாருங்கள். எடுத்தால் ஏதோ குறைகிறது, இருக்கும்போது இருப்பதே தெரியவில்லை என்றால் சரியான அளவு. ஹெட்போனில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். ஸ்பீக்கரில் உங்கள் அறையே கொஞ்சம் ரிவெர்ப் சேர்த்துவிடுவதால் இரண்டிலும் தீர்ப்பு மாறும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவில் நிறுத்துங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது கடைசி ஸ்வரத்தோடு வெட்டிவிடாமல் மூன்று விநாடி கூடுதலாக விடுங்கள். வால் முழுதாக அடங்கட்டும்.