‘சந்தோஷமா செய்றேன்’ னு ஒரு பொய்

கடிதம்:

ஸ்தோத்திரம் பிரதர். சபையில சண்டே ஸ்கூல், கொயர், ஆராதனை முடிஞ்சப்புறம் சேர் அடுக்குறதுன்னு மூணு வேலை என் தலையில. யார் எது கேட்டாலும் “சந்தோஷமா செய்றேன்”னு சொல்லிடுறேன், வீட்டுக்கு வந்து என் கணவர்கிட்ட ஒரு மணிநேரம் புலம்புறேன். போன வாரம் பாஸ்டர் எல்லார் முன்னாடியும் “சிஸ்டர் முகம் சுளிச்சு நான் பார்த்ததே இல்ல”ன்னு சொன்னப்போ உள்ளுக்குள்ள கூசிப்போச்சு. இது மாய்மாலம்தானே? எல்லாத்தையும் விட்டுடவா?

பதில்:

சிஸ்டர், கூசுச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுவே நல்ல விஷயம்தான். எனக்கெல்லாம் ரொம்ப நாளா கூசவே இல்ல. நானும் சேர் அடுக்குனவன்தான், யாராவது பக்கத்துல வந்தா மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு டமார்னு போடுவேன், நான் ஒருத்தனே தனியா கஷ்டப்படுறது அவங்க காதுல விழணும்ல.

மத்தேயு 21-ல ரெண்டு மகன்கள் கதை வருமே, அப்பா தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொன்னப்போ ஒருத்தன் மாட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் மனசு மாறிப் போனான், இன்னொருத்தன் போறேன் ஐயான்னு சொல்லிட்டுப் போகல. நீங்களும் நானும் அதுல இல்லாத மூணாவது பிள்ளை. போறேன்னு சொல்லி, போயும் போயி, வழி நெடுக முணுமுணுக்குற ஆளு.

அப்போஸ்தலர் 5-ல நிலத்தை வித்து சபைக்குப் பணம் கொண்டுவந்த புருஷன் பொண்டாட்டி, அனனியா சப்பீராள் விஷயத்தையும் நாம அவசரமா படிச்சுட்டுப் போயிடுறோம். அவங்க கொஞ்சமா கொடுத்ததுக்காக பேதுரு கோபப்படல. விக்கிறதுக்கு முன்னாடி நிலம் உன்னோடது, வித்தப்புறம் பணமும் உன் கையிலதானே இருந்துச்சுன்னுதான் கேட்கிறார், அதாவது பாதிதான் தர்றேன்னு சொல்லியிருந்தா யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. பாதியக் கொண்டுவந்து முழுசுன்னு காட்டினதுதான் வினை. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அதே சபையில இருந்த பர்னபா நிலத்தை வித்து மொத்தப் பணத்தையும் கொண்டுவந்து வெச்சிருந்தார், அந்தப் பேரு நமக்கும் கிடைக்கணும்னு தோணியிருக்கும்னு நான் நினைக்கிறேன். பாதி மனசை முழு மனசுன்னு காட்டுறதும் அதே கணக்குதானே.

மனசில்லாம செய்ற வேலையில பொய் எப்படி நுழையும்னு நான் அனுபவிச்சே பார்த்துட்டேன். காணிக்கை எண்ணுற பொறுப்புல இருந்தேன். ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். ஒருநாள் சீக்கிரம் வீட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு, கூட இருந்தவர் எழுதி வெச்ச தொகைக்குக் கீழ நான் எண்ணாமலே கையெழுத்தைப் போட்டுட்டேன். ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் அவர்கிட்ட சொன்னா, அவர் தலையைக் குனிஞ்சுகிட்டு “கடைசிக் கட்டை நானும் எண்ணல அண்ணே, நீங்க எண்ணுவீங்கன்னு விட்டுட்டேன்”ங்கிறார்! ரெண்டு பேரும் போய் பொருளாளர்கிட்ட ஒத்துக்கிட்டோம். பேங்க்ல கட்டின ரசீதோட தொகை ஒத்துப்போச்சு, அதுல எங்க நேர்மைக்கு ஒரு பங்கும் இல்ல. அந்தப் பொறுப்பு எனக்கு வேணாம்னு அன்னிக்கே சொல்லிட்டேன், முதல் தடவையா “ஜெபிச்சுட்டு சொல்றேன்”னு சுத்தி வளைக்காம நேரா சொன்னேன். (நம்ம ஆளுங்க ‘ஜெபிச்சுட்டு சொல்றேன்’னா பாதி நேரம் மாட்டேன்னுதானே அர்த்தம்.)

பவுல் “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல”ன்னு எழுதினது எருசலேம் விசுவாசிகளுக்கான காணிக்கையப் பத்தி, ஆனா நேரத்துக்கும் அதே கணக்குதான், ஒவ்வொருத்தரும் தன் மனசுல முடிவு பண்ணபடி கொடுக்கணும்ங்கிறார். நீங்க முடிவே பண்ணல, கேட்கிறவங்க முடிவு பண்றாங்க.

இயேசு வீட்டுக்கு வந்தப்போ தங்கச்சி அவர் பேச்சைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்க, தனியா வேலை பார்த்த மார்த்தாளைப் பிரசங்கத்துல போட்டு வறுத்தெடுப்பாங்க, எனக்கு என்னமோ அவங்கள ரொம்பப் பிடிக்கும். புலம்பினாங்க, ஆனா யார்கிட்ட? இயேசுகிட்டயே போய், என் தங்கச்சி என்னைத் தனியா விட்டுட்டா, உமக்கு அக்கறை இல்லையான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. திட்டும் வாங்கினாங்க. ஆனா யோவான் 12-ல பாருங்க, பெத்தானியாவுல மறுபடியும் விருந்து, மார்த்தாள் பணிவிடை செஞ்சாள்னு அவ்வளவுதான் இருக்கு, இந்தத் தடவை புலம்பல் எதுவும் எழுதல, வேலையையும் விடல.

அதனால எல்லாத்தையும் விட்டுடாதீங்க. ஒண்ணை விடுங்க, பாஸ்டர்கிட்ட நேரா, முகம் சுளிச்சே கூட சொல்லுங்க, பரவாயில்ல. எதை விடுறதுன்னு என்னைக் கேட்காதீங்க, உங்க கணவர்கிட்ட கேளுங்க. வாராவாரம் ஒரு மணிநேரம் கேட்கிறவர் அவர், எந்த வேலையப் பத்தி அதிகமா புலம்புறீங்கன்னு பட்டுனு சொல்லிடுவார்.