கேளுங்கள்: சட்னி முதல் ஒயின் வரை

கேள்வி: வேலை நிமித்தம் ஊர் ஊராகச் செல்பவன் நான். இணையத்தில் உள்ள நட்சத்திரக் குறிகளை நம்பி ஓட்டலுக்குள் நுழைந்து பலமுறை ஏமாந்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஊரில் நல்ல டிபன் கடையை எப்படி அடையாளம் காண்பது?
– விருதுநகர் வாசகர்

பதில்: பாதி விடை வாசலில் கிடைக்கும், மீதி இலையில் கிடைக்கும். நட்சத்திரக் குறிகள் ஏசி வசதி, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் சேர்த்து அளப்பவை என்பதால், பசியோடு நிற்கும் ஒருவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. வாசலில் நான் பார்ப்பது, சாப்பிட்டவர்கள் எவ்வளவு சீக்கிரம் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள் என்பதைத்தான். காலை எட்டு மணிக்கு இலை எடுத்தவுடன் அடுத்தவர் அமரும் கடையில், இட்லி கொப்பரையிலிருந்து இறங்கிய சூட்டோடு வந்துவிடும். அதே கடைக்குப் பத்தரை மணிக்குப் போனால், ஹாட்பாக்ஸில் அடைபட்டு மேல்பக்கம் நீர் கோத்த இட்லிதான் மிஞ்சியிருக்கும். ஆகவே எந்த ஓட்டல் என்று விசாரிக்கும்போது, அங்கு எந்த வேளைக்கு எது நன்றாக இருக்கும் என்பதையும் ஆட்டோ நிறுத்தத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் தோசைக்குப் பதிலாக இட்லியைச் சொல்லுங்கள். மாவில் உள்ள குறையை எண்ணெயும் முறுகலும் மறைத்துவிடும். இட்லியில் மறைப்பதற்கு வழியே இல்லை. விரலால் அழுத்தினால் அது திரும்ப எழும்ப வேண்டும், பிட்டால் கையில் ஒட்டக் கூடாது. இளமஞ்சள் சாயலும் நாக்கில் சோப்புச் சுவையும் தெரிந்தால், மாவு பொங்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆப்பசோடாவைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்தது தேங்காய்ச் சட்னி. நம் வெயிலில் அரைத்த இரண்டு மூன்று மணி நேரத்திலேயே அது புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால், அக்கறையுள்ள கடைக்காரர் காலை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொண்டே இருப்பார். இலையில் ஊற்றிய சட்னியைச் சுற்றி மெல்லிய தண்ணீர் வளையம் ஒன்று பிரிந்து ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால், முன்பே அரைத்து வைத்த சட்னியைத் தண்ணீர் விட்டு நீட்டியிருக்கிறார்கள். அந்தக் கடையில் வடை எப்போது பொரித்தது என்பதையும் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

சாம்பாருக்கும் இதுவே பொருந்தும். சென்னை திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடந்துவரும் ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றுவார்கள். அந்தச் சாம்பார் கொதிக்கும் சூட்டில் வரும்போதுதான் இட்லி அதை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆறிய சாம்பாரை எத்தனை கரண்டி ஊற்றினாலும் அது இட்லிக்கு வெளியேதான் நிற்கும். பொங்கலும் மஞ்சூரியனும் பட்டர் நானும் ஒரே அட்டையில் பக்கம் பக்கமாக நீளும் கடைகளை நான் தவிர்க்கிறேன். அத்தனை பண்டங்களையும் அன்றன்றைக்குச் செய்து தீர்ப்பது எந்தச் சமையலறைக்கும் எளிதல்ல.

கேள்வி: வீட்டில் போடும் ஃபில்டர் காபி நிறமாக வருகிறதே தவிர மணமே இல்லை. இரண்டாம் முறை குடிக்கும்போது கசக்கவும் செய்கிறது. என்ன தவறு?
– கும்பகோணம் வாசகி

பதில்: தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், கலந்த விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அப்படியானால் ஏறத்தாழப் பாதி சிக்கரியாக இருந்தாலும் அது சட்டப்படி சரியான தூள்தான். சிக்கரி ஒரு செடியின் வேர். டிகாஷனுக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் அது தரும், காபியின் மணத்தை அதனால் தர முடியாது. எண்பதுக்கு இருபது என்ற விகிதமே வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. பிளான்டேஷன், பீபெரி என்ற இரண்டு வகைக் காபிக்கொட்டைகளையும் கலந்து, கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். அரைத்த தூளின் மணம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும்.

கசப்புக்குக் காரணம், நீங்கள் மிஞ்சிய டிகாஷனை அடுப்பில் ஏற்றிச் சூடு செய்வதாக இருக்கலாம். டிகாஷன் நெருப்பைப் பார்க்கவே கூடாது. ஆறிவிட்டால், வெந்நீர்ப் பாத்திரத்தில் அந்தக் கிண்ணத்தைச் சிறிது நேரம் வைத்தால் போதும். சூட்டைப் பால் கொண்டுவரட்டும். அதுவும் அப்போதே பொங்கிய பாலாக இருக்க வேண்டும். காலையிலிருந்து திரும்பத் திரும்பக் காய்ந்து ஆடை கட்டிய பால், எத்தனை நல்ல டிகாஷனையும் கெடுத்துவிடும்.

கேள்வி: மகன் நாசிக்கிலிருந்து இரண்டு பாட்டில் ஒயின் வாங்கி வந்திருக்கிறான். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. நம் காரமான சாப்பாட்டோடு எதைக் குடிக்கலாம்? சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற வழக்கம் குளிர்நாட்டு வீடுகளில் பிறந்தது. அவர்கள் கணக்கில் அது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். நம் வீட்டுக் கூடத்தில் 30 டிகிரிக்கு மேல் நிற்கும் ஒயினை ஊற்றினால் பழ மணம் அடங்கிப்போய் ஆல்கஹாலின் நெடிதான் மூக்கில் ஏறும். ஆகவே, குடிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் சிவப்பு ஒயினையும் தயங்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளை ஒயின் இன்னும் குளிர்ந்து, 8 முதல் 12 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

காரத்துக்கு வருவோம். மிளகாயின் எரிச்சலை உணர்த்தும் அதே நரம்புணரிகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. சிவப்பு ஒயினில் உள்ள டானின் என்ற துவர்ப்பும் சேர்ந்துகொண்டால் செட்டிநாட்டுக் கோழி வறுவலின் காரம் வாயில் மேலும் ஏறும். அதனால் நம் சாப்பாட்டுக்கு ஆல்கஹால் குறைந்த, சற்றே இனிப்புள்ள வெள்ளை ஒயின்தான் உகந்தது. நாசிக் வட்டாரத்தில் நன்றாக விளையும் ஷெனின் பிளாங்க் திராட்சையில் அப்படிப்பட்ட ஒயின் கிடைக்கும். உங்கள் வெள்ளை பாட்டிலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சை பிழிந்த வஞ்சிரம் வறுவலோடு அது மிக நன்றாகச் சேரும். புளி கரைத்த மீன் குழம்புச் சோற்றோடு எந்த ஒயினும் எனக்குப் பிடித்ததில்லை; புளிப்பு ஒயினைத் தட்டையாக்கிவிடுகிறது, அங்கே மோர் போதும். சிவப்பைக் காரம் குறைந்த ஆட்டிறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாசிக்கில் திராட்சைக் கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, குளிர்காலத்தில் பழுக்கவைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். வெப்ப நாட்டில் ஒயின் திராட்சை விளைவதற்கு இந்த ஏற்பாடுதான் அடிப்படை. நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகம் சாறாகவும் பழமாகவும் உண்பதற்கே மிகவும் சுவையானது என்று நான் நினைக்கிறேன். கடைசியாக ஒன்று: திறந்த பாட்டில் சிவப்போ வெள்ளையோ, மூடி இறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். பல மாதம் வைத்துச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொள்ளும் பிராந்தி முறை இதற்கு ஒத்துவராது.

கேள்வி: தினமும் சிறிது சிவப்பு ஒயின் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று நண்பர் வற்புறுத்துகிறார். தொடங்கலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்கும் பழக்கம் இல்லாதவர் மருந்தாக நினைத்து அதைத் தொடங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கேள்வி: குடும்பத்தோடு ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். கேட்டதற்கு, எல்லோரும் கொடுப்பதுதான் என்றார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– சென்னை வாசகி

பதில்: கொடுக்க வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கவோ, வேறு பெயரில் வசூலிக்கவோ கூடாது. அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஜிஎஸ்டி வேறு, அது வரி. சாதாரண உணவகங்களில் 5 சதவீதம். சேவைக் கட்டணத்தை நீக்கித் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவரின் கவனிப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால், மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர் அவர்.

கேள்வி: கடையில் சாப்பிடும்போது மிகவும் பிடித்திருந்த பிரியாணி, அதே கடையிலிருந்து பார்சல் வாங்கி வந்தால் குழைந்துபோகிறது. மட்டமானதைக் கொடுத்துவிடுகிறார்களா?
– வேலூர் வாசகர்

பதில்: பெரும்பாலும் ஒரே அண்டாவிலிருந்து எடுத்ததுதான். தம் உடைத்த பிரியாணியில் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சுடச்சுடப் பிளாஸ்டிக் டப்பாவில் அமுக்கி மூடும்போது அந்த ஆவி மூடியில் நீராகிச் சோற்றிலேயே சொட்டுகிறது. உங்கள் பக்கத்து ஆம்பூரிலும், திண்டுக்கல்லிலும் பெயர் பெற்ற சீரகச் சம்பா சிறிய அரிசி, மசாலாவை நன்றாக உறிஞ்சக்கூடியது. பாசுமதியைவிட அது சீக்கிரம் குழைந்துவிடும். வாழையிலையில் வைத்துத் தாளில் மடித்துத் தரச் சொல்லுங்கள், தயிர்ப் பச்சடியையும் கத்தரிக்காயையும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்த உடனேயே பிரித்து அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். மறுபடி சூடு செய்ய நேர்ந்தால் மைக்ரோவேவைவிட, அடிகனமான பாத்திரத்தில் மூடி போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் வைப்பது நல்லது. கரண்டியை உள்ளே விட்டுக் கிளறாதீர்கள்.