வாசகர் கேள்வி: முத்தத்தில் வந்த கொப்புளம்

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. கைக்குழந்தையிலிருந்தே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். தைப்பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த மாமிக்கு உதட்டோரம் சின்னக் கொப்புளம் இருந்தது. அவர் போய் ஒரு கிழமைக்குள் பிள்ளையின் கன்னமெல்லாம் நீர்க்கொப்புளம், காய்ச்சல். அன்டிபயோட்டிக் பாணி இரண்டு நாள் கொடுத்தும் கேட்கவில்லை. பிறகு ஹேர்ப்பீஸ் என்று ஆஸ்பத்திரியில் மறித்து ஊசி மருந்து ஏற்றினார்கள். இப்போது சுகம். மறுபடி வருமா? மாமியைப் பிள்ளையைத் தூக்க விடலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாகத் தூக்கட்டும். உதட்டில் கொப்புளம் உள்ள நாட்களில் மட்டும் முத்தம் வேண்டாம். பொருக்கு உதிர்ந்து தோல் மூடும் வரை கோப்பை, கரண்டி, முகம் துடைக்கும் துவாய் எல்லாம் தனி. கொப்புளத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தால் இதில் சலுகையே கூடாது. பிறந்து நாலு கிழமைக்குள் உதட்டுக் கொப்புளத்தில் உள்ள இந்த ஹேர்ப்பீஸ் வைரஸ் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

மாமியை நோகவும் வேண்டாம். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் ஹேர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதலாம் வகை வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றி, முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. காய்ச்சல், கடும் வெயில், நித்திரையின்மை என்று ஏதாவது தட்டியெழுப்பினால் நரம்பு வழியே உதட்டுக்கு இறங்கும். கொப்புளமே இல்லாத நாளிலும் சிலவேளை எச்சிலில் இருக்கும்.

மற்றப் பிள்ளைகளுக்கு வாய்ப்புண்ணோடு போவது, கரப்பான் பிள்ளைக்கு ஏன் இப்படிப் பரவுகிறது? கரப்பான் தோலில் வெடிப்பு அதிகம். கிருமியை எதிர்க்கும் இயற்கைப் புரதங்களும் குறைவு. சொறியும் நகம் மிச்ச வேலையைச் செய்துவிடும். 1887இல் வியன்னாவில் இதை விவரித்தவர் தோல் மருத்துவர் மொரிட்ஸ் கபோசி. வைரஸ் என்ற ஒன்றையே அறியாத காலம் அது. இன்றைய பெயர் எக்ஸிமா ஹேர்ப்பெட்டிகம்.

முதலில் பக்டீரியா என்று நினைப்பது அடிக்கடி நடப்பதுதான். கிட்டப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கொப்புளங்கள் எல்லாம் ஒரே அளவு, நடுவில் சிறு குழி. உடைந்த இடத்தில் 1–3 மில்லிமீற்றர் வட்டப் புண், துளைக்கருவியால் குத்தியெடுத்த மாதிரி. அரிப்பை விட நோவு கூட. கொப்புளிப்பானில் புதிது, உடைந்தது, காய்ந்தது எல்லாம் கலந்திருக்கும்; உடம்பில்தான் அதிகம் தெரியும். பக்டீரியாப் புண்ணில் தேன் நிறப் பொருக்கு. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. அதனால் முதல் நாளே போனில் படம் எடுத்து வையுங்கள். பொருக்குக் கட்டிய பிறகு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

மறுபடி வரலாம், ஏனென்றால் வைரஸ் இப்போது உங்கள் மகளின் நரம்பிலும் குடியிருக்கிறது. பெரும்பாலும் முதல்முறையை விட இலேசாக இருக்கும். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கண்ணருகே கொப்புளம், சோர்வு, குடிக்க மறுப்பது இருந்தால் அந்த இரவே பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. டொக்டர் பார்க்கும்வரை கரப்பானுக்குப் பூசும் டாக்ரோலிமஸ், மிச்சமிருக்கும் ஸ்டீரொயிட் கிறீம் எதையும் கொப்புளத்தில் பூசக் கூடாது. வேப்பிலை மஞ்சள் அரைத்தும் போடாதீர்கள்; காய்ந்து ஒட்டிப் புண்ணின் வடிவத்தை மறைத்துவிடும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல்: நிறை கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கொருமுறை. 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 7.5 மில்லிலீற்றர்.

ஸ்டீரொயிட் பயத்தில் கிறீமை நிறுத்தி, கரப்பானை எரியவிடும் வீடுகள் கொழும்பில் நிறைய. வைரஸுக்குக் கதவு திறப்பதே அதுதான். சுகமான தோலுக்குக் கிழமைக்கு 250 கிராமாவது ஈரப்பசைக் கிறீம் தேவை. டப்பாவுக்குள் விரல் விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். கரப்பான் தலைகாட்டும் இடத்தில் டொக்டர் சொன்ன ஸ்டீரொயிட்: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை பிதுக்கினால் அரைக் கிராம், பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். இரண்டுக்கும் இடையில் அரை மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு நெஞ்சின் ஒரு பக்கம் அக்கி. கிழவர்களின் வருத்தம் அல்லவா? ஆறு மாதத்தில் கொப்புளிப்பான் வந்தது.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: விடை உங்கள் கடைசி வசனத்தில் இருக்கிறது. ஒரு வயதுக்குள் கொப்புளிப்பான் வந்த பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே அக்கி வரும் வாய்ப்புக் கூட. அந்தக் கொப்புளிப்பான் வைரஸ்தான் முள்ளந்தண்டு நரம்பு முடிச்சிலிருந்து எழும்புகிறது. ஒருவரின் அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. கொப்புளிப்பான் வராதவருக்குக் கொப்புளிப்பானாகத் தொற்றும். கர்ப்பிணிகளை விலக்கி, புண்ணை மூடி வையுங்கள். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அக்கி உடம்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்தால் ஆள் தப்பாது என்பது வெறும் பேச்சு.