மாட்டுங்காவில் 20 அடி

அன்புள்ள சார்,

மும்பை மாட்டுங்காவில், 1930களில் கட்டிய கட்டடம் ஒன்றில் அம்மாவுடன் இருக்கிறேன். தரைத்தளமும் இரண்டு மாடியும். தாத்தா பகடி, அதாவது நிரந்தர வாடகை உரிமைக்கான முன்தொகை, கொடுத்து வாங்கிய வீடு. இப்போது ரீடெவலப்மென்ட் பேச்சு. 24 மாடி வரும், முன்பக்க பால்கனியை மட்டும் பழைய மாதிரியே கட்டித் தருகிறேன் என்கிறார் பில்டர். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். துபாயில் இருக்கும் அண்ணன் "வெறும் சென்டிமென்ட்" என்கிறான். பூக்கடை, கோயில், ஃபில்டர் காபி என்று நம்மவர்கள் உருவாக்கிய பகுதி இது. இதற்குப் பாரம்பரிய மதிப்பு என்று ஏதாவது உண்டா? ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ர., மும்பை

அன்புள்ள ர,

என் வீட்டுக்குப் பக்கத்து மனையில் சுவரை ஒட்டித் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் எழுதும் மேஜைக்கு வந்த வெயில் ஒரு மாதமாக வருவதில்லை. அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அண்ணன் சொன்னதை விடுங்கள். பால்கனியையும் விடுங்கள். 24 மாடியின் நெற்றியில் ஒட்டிய பால்கனியால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆனால் "நம்மவர்கள் உருவாக்கிய பகுதி" என்று எழுதியிருக்கிறீர்களே, அது தவறு. அதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். மாட்டுங்காவை உருவாக்கியது பிளேக்.

1896இல் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் வந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் ஜனங்கள் செத்தார்கள். 1898இல் நகரைச் சீரமைக்க பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. நெரிசலில் இருப்பவர்களை வடக்கே கொண்டுபோகலாம் என்று தாதர், மாட்டுங்கா, வடாலா, சயன் பக்கம் மனை பிரித்தார்கள். நம் ஆட்கள் அதற்கப்புறம் வந்தவர்கள். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். கோயில், பள்ளிக்கூடம், மெஸ் எல்லாம் பிறகுதான். அப்புறம், நம்மவர் என்றால் யார்? பக்கத்திலேயே தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களும் தமிழர்கள்தான். மாட்டுங்காவில் எத்தனை வீட்டுக்காரர் அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பார்? பண்பாடு என்று பேசும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காபிக்கும் பூவுக்கும் பழைய கட்டடம் தேவையில்லை. அவை புதுக் கட்டடத்தின் கீழேயும் விற்கும்.

நான் 1984இல் ஏழு மாதம் மாட்டுங்காவில் அத்தை வீட்டில் இருந்தேன். வேலை தேடி வந்தவன். பகலெல்லாம் அலைந்துவிட்டு, வேலை இல்லை என்ற முகத்தோடு திரும்புவேன். அத்தை ஒன்றும் கேட்க மாட்டாள், தட்டைப் போடுவாள். வெளியே போகாத நாட்களில் ஜன்னலில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சந்து. தரைத்தளத்து மாமி அங்கே பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்து காயவைப்பார். பத்தரை மணிக்கு வெயில் சுவரோரம் இறங்கும். மாமி வேட்டியின் இரண்டு முனையைப் பிடித்து வெயில் நகர நகர இழுத்துக்கொண்டே போவார். எதிர்ச்சுவரைத் தொடுவதற்குள் வடாம் ஒரு பக்கம் காய்ந்திருக்கும்.

மேல்மாடியில் ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஒருநாள் கூப்பிட்டார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இரண்டு கட்டடம் வரைந்தார். ஒன்றின் உச்சியிலிருந்து மற்றதன் அடிவரைக்கும் சாய்வாக ஒரு கோடு. "இது 63½ டிகிரி. 40 அடி உயரம் என்றால் நடுவில் 20 அடி விடணும். அப்போதான் கீழ்வீட்டுக்கும் வெயில்" என்றார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "மாமியோட வடாம் இந்தக் கோட்டில்தான் காயறது" என்றார்.

அந்தக் கோணம் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் (Orr) என்ற அதிகாரி 1912இல் பம்பாய் வீடுகளின் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றிப் பேசியபோது விடாமல் வலியுறுத்திய விதி அது. கட்டடத்தின் உயரத்தில் பாதியாவது பக்கத்தில் திறந்த வெளி இருக்கவேண்டும். வாடகை குறைவாகக் கொடுக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் ஜன்னலில் வானம் தெரியவேண்டும்.

ர, உங்கள் மாட்டுங்காவின் பாரம்பரியம் இந்த 20 அடிதான். கட்டடம் பிறகு. வளைந்த பால்கனி, படிக்கட்டின் இரும்புக் கிராதி எல்லாம் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு நகரம் ஆயிரமாயிரம் பிணங்களை எண்ணிவிட்டுக் கற்றுக்கொண்ட பாடம் அந்தச் சந்தில் இருக்கிறது. இன்று அதே நகரத்தில், திறந்த வெளி குறைந்தால் மாநகராட்சிக்கு பிரீமியம் கட்டி விலக்கு வாங்கிக்கொள்ளலாம். வெயிலுக்கு விலை வைத்து விற்கிறார்கள். மும்பையின் கிழக்குப் புறநகரான கோவண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். குடிசைகளிலிருந்து கொண்டுவந்தவர்களை 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் அடுக்குமாடிகளில் அடைத்திருக்கிறார்கள். பகலிலும் விளக்குப் போட்டால்தான் கீழ்வீடுகளில் முகம் தெரியும். காசநோய் அங்கே அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாததே காரணம் என்கிறார்கள். 120 வருஷத்துக்கு முன்பு தெரிந்திருந்த விஷயம் இது! எனக்கு ஆத்திரம் வருகிறது.

இடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1947 வாடகைச் சட்டம் வாடகையை 1940இன் அளவில் நிறுத்திவைத்தது. அந்தக் காசில் எந்த உரிமையாளர் ரிப்பேர் பார்ப்பார்? மழைக்காலத்தில் ஸ்லாப் பெயர்ந்து விழும் வீட்டில் வயதானவர் படுத்திருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. 2012இல் தாதர், மாட்டுங்கா, சிவாஜி பார்க் பகுதிகளைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் பேச்சு வந்தபோது அங்கே குடியிருந்தவர்களே எதிர்த்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. சட்ட விவரங்களுக்கு ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள், நான் அதற்கு ஆள் இல்லை.

அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். அவர் ஏன் மறுக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா? சமையலறை ஜன்னலில் வெயில் எத்தனை மணிக்கு வரும் என்று அவருக்கு நிச்சயம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு டேப் வாங்கிக்கொண்டு கீழே இறங்குங்கள். உங்கள் சுவரிலிருந்து அடுத்த கட்டடத்துச் சுவர்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பில்டரின் பிளானை வாங்கி, அதே இடத்தில் அவர் எத்தனை அடி போட்டிருக்கிறார் என்று பாருங்கள். கூட்டத்தில் அந்த இரண்டு எண்ணையும் எல்லோர் காதிலும் விழும்படி படியுங்கள். எனக்கும் எழுதி அனுப்புங்கள்.