ஃபிஃபா பணத்துக்குக் கணக்குக் கேட்டால் நாட்டுக்கே தடை வருமா?

கேள்வி: மாவட்ட லீக்கில் ஆடும் ஒரு சின்ன கிளப்பின் செயலாளர் நான். ஊரையும் நாட்டையும் வெளியிட வேண்டாம். ஃபிஃபாவிடமிருந்து வருடா வருடம் வளர்ச்சி நிதி வருகிறது என்று எங்கள் சம்மேளனத்தார் மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலைகூட இல்லை. கணக்குக் கேட்டால், "ரொம்பக் கிளறினால் ஃபிஃபா நாட்டையே தடை செய்துவிடும்" என்கிறார்கள். இது உண்மையா? யாரிடம் புகார் செய்வது? செய்தால் பலன் உண்டா?

பதில்: அந்த மிரட்டலில் கால் பங்கு உண்மை, மிச்சம் பூச்சாண்டி. உண்மையான கால் பங்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தெரியாமல் இறங்கினால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் தன் நிர்வாகத்தைத் தானே நடத்த வேண்டும், வெளியார் தலையீடு கூடாது என்பது ஃபிஃபாவின் அடிப்படை விதி. அரசாங்கமோ நீதிமன்றமோ சங்கத்தின் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்தால் தடை வரும். இந்தியாவில் இது நடந்தது. உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு ஒன்றை நியமித்து அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை அதன் கையில் கொடுத்தது. 2022 ஆகஸ்ட் 15 அன்று ஃபிஃபா சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. நீதிமன்றம் குழுவைக் கலைத்தது, ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. பதினொரே நாள்தான். ஆனால் அதற்குள் கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசியக் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் வரை போய், ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பியது. இலங்கைக்கு 2023 ஜனவரியில் வந்த தடை ஆகஸ்ட் வரை, ஏழு மாதம் நீடித்தது. தடை வரும்போது நாற்காலிக்காரர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, பூட்ஸ் போட்டவர்கள்தான் வீட்டில் உட்கார வேண்டியிருக்கிறது.

டிரினிடாட் கதை உங்களுக்கு இன்னும் பொருத்தம். அங்கே தேர்தலில் வென்ற நிர்வாகத்தை 2020 மார்ச்சில் ஃபிஃபா நீக்கிவிட்டுத் தன் குழுவை வைத்தது. நீக்கப்பட்டவர்கள் உள்ளூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். செப்டம்பரில் நாட்டுக்குத் தடை. அக்டோபரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில்தான் தடை விலகியது. சங்கத்தை யார் நடத்துவது என்ற சண்டையை ஊர்க் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் ஃபிஃபா பொறுத்துக்கொள்ளாது. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்தைத்தான் அது கைகாட்டும்.

ஆனால் நீங்கள் கேட்பது நாற்காலி அல்ல, கணக்கு. உங்கள் கிளப் லீக்கில் உறுப்பினர், லீக் சங்கத்தில் உறுப்பினர். உறுப்பினர் வரவு செலவு கேட்பது எந்த விதியிலும் "வெளியார் தலையீடு" ஆகாது. பணம் திருடினார் என்று ஒரு தனிநபரைப் போலீஸ் விசாரிப்பதும் அந்த வகையில் சேராது. 2015 மே 27 விடியற்காலையில் ஜூரிக்கின் பௌர் ஓ லாக் ஹோட்டலில், அமெரிக்கா கேட்டுக்கொண்டதன் பேரில், ஸ்விஸ் போலீஸ் ஏழு கால்பந்து நிர்வாகிகளைத் தூக்கிக்கொண்டு போனது. பிரேசில், கோஸ்டாரிகா, வெனிசுவேலா, நிகராகுவா, கேமன் தீவுகள் என்று பல நாட்டுக்காரர்கள். அந்தக் கைதுகளுக்காக ஒரு நாடும் தடை செய்யப்படவில்லை. அமெரிக்காவைத் தடை செய்ய யாருக்குத் துணிச்சல் வரும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் விதி விதிதான்: ஆளை விசாரிப்பது வேறு, சங்கத்தைக் கைப்பற்றுவது வேறு. அடுத்த முறை அந்த மிரட்டல் வந்தால், எந்த விதிப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

சரி, ஃபிஃபாவே ஏன் இதை இறுக்கிப் பிடிப்பதில்லை? ஃபிஃபாவில் 211 உறுப்புச் சங்கங்கள். தலைவர் தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு. இருபது கோடிப் பேர் வாழும் பிரேசிலுக்கும் ஒன்றுதான், ஐந்தாயிரம் பேர் வாழும் மான்செராட்டுக்கும் ஒன்றுதான். 'ஃபார்வர்டு' என்ற வளர்ச்சித் திட்டத்தில் 2023 முதல் 2026 வரையிலான சுற்றில் ஒவ்வொரு சங்கத்துக்கும் 80 லட்சம் டாலர் வரை கிடைக்கும். அன்றாட நிர்வாகத்துக்கு 50 லட்சம், மைதானம், கட்டடம் போன்ற திட்டங்களுக்கு 30 லட்சம் வரை. இதில் தன்னளவில் தப்பில்லை. சின்ன நாட்டுச் சங்கத்துக்கு இந்தப் பணம் இல்லாவிட்டால் பயிற்சியாளர் சம்பளமே கிடையாது. சிக்கல் என்னவென்றால், பணத்தைக் கொடுக்கும் தலைவருக்கு வாங்குபவரின் ஓட்டு தேவை. ஓட்டுப் போடுகிறவரிடம் யார் முகத்தைச் சுளித்துக்கொண்டு ரசீது கேட்பார்கள்?

1974-இல் தலைவரான ஜோவாவ் ஹாவலாஞ்ச், ஆசிய ஆப்பிரிக்க ஓட்டுகளின் மதிப்பைக் கண்டுபிடித்தவர். அவருக்குப் பின் 1998-இல் வந்த செப் பிளாட்டர் அதை 'கோல்' என்ற கட்டுமானத் திட்டமாக்கினார். 2016-இல் ஜியானி இன்ஃபான்டினோ தேர்தல் மேடையில் நின்று, ஃபிஃபாவின் பணம் உங்கள் பணம் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த 'உங்கள்' என்பதில் சங்கத் தலைவர்கள் இருந்தார்கள். உங்கள் கிளப் இல்லை.

இப்போது ஆதாரத்துக்கு வருகிறேன். புகார் செய்கிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். இது நான் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்த காலத்தில் கண்ட உத்தேசக் கணக்கு, ஆராய்ச்சி எதுவும் இல்லை.

2011 மே மாதம், டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின். ஃபிஃபா தலைவர் தேர்தலில் பிளாட்டரை எதிர்த்து நின்ற கத்தார்க்காரர் முகமது பின் ஹம்மாம், கரீபியன் சங்கங்களிடம் ஆதரவு கேட்டுப் பேசினார். அப்புறம் நிர்வாகிகளை ஒவ்வொருவராக ஹோட்டல் அறைக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு உறை கொடுத்தார்கள். பஹாமாஸ் துணைத் தலைவர் ஃப்ரெட் லன் தன் உறையைப் பிரித்தால் உள்ளே 40,000 டாலர், எல்லாம் நூறு டாலர் கட்டுகள். அவர் செய்ததைக் கவனியுங்கள். கூச்சல் போடவில்லை. தன் தலைவருக்குத் தகவல் சொன்னார், கட்டுகளைப் புகைப்படம் எடுத்தார், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் படம்தான் பின் ஹம்மாமின் கதையை முடித்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஃபிஃபா அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. ஆனால் 2012 ஜூலையில் லோசான் நடுவர் மன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அவரே பணத்தின் மூலமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்தான், ஆனால் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். உறையில் பணம் இருந்ததைப் படம் காட்டியது, உறைக்குள் அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டவில்லை. பிறகு வேறு விதிமீறல்களுக்காக அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாவது முறை வாழ்நாள் தடை வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், "எல்லாரும் தின்கிறார்கள்" என்று எழுதாதீர்கள். தொகை எவ்வளவு, எந்தக் கணக்குக்கு வந்தது, எந்த ஒப்பந்தக்காரருக்குப் போனது, அந்த ஒப்பந்தக்காரர் யார். இந்த நாலு கண்ணியும் சேர்ந்தால்தான் சங்கிலி.

முதல் கண்ணி சுலபம். ஃபார்வர்டு நிதியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்பதை ஃபிஃபா தன் அறிக்கைகளில் வெளியிடுகிறது. அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிதிக்கென்று சங்கம் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்க வேண்டும், வெளி ஆடிட்டர் ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்பதும் விதி. ஆகவே "கணக்கு இன்னும் தயாராகவில்லை" என்ற பதில் எடுபடாது. பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன்பே, உங்கள் சங்க விதிகளில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள், கேள்வியை எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் கேள்வி குறிப்பேட்டில் ஏறாது. எழுதிக் கொடுத்தது ஏறித்தான் ஆக வேண்டும். தனியாகக் கேட்காமல் நாலைந்து கிளப் சேர்ந்து கேளுங்கள்.

கட்டடம் கட்டியதாகச் சொன்னால் பத்திரத்தைப் பாருங்கள். இதற்குக் காரணம் ஜாக் வார்னர். வட, மத்திய அமெரிக்க, கரீபியன் சம்மேளனமான கான்ககாஃபின் தலைவராக இருந்தவர், ஃபிஃபாவில் துணைத் தலைவர். டிரினிடாட்டில் கட்டிய பயிற்சி மையத்துக்கு ஹாவலாஞ்சின் பெயரையே வைத்தார். சுமார் 2.6 கோடி டாலர் கால்பந்துப் பணம் அதில் போனது. மையம் கண்ணெதிரே நின்றது, எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், விருந்து சாப்பிட்டார்கள். 2013-இல் கான்ககாஃபின் நேர்மைக் குழு விசாரித்தபோதுதான், நிலம் வார்னரின் சொந்தக் கம்பெனிகளின் பெயரில் இருந்தது வெளியே வந்தது. கட்டடம் எங்கே என்று கேட்பதைவிட, பத்திரம் யார் பெயரில் என்று கேட்பது நல்ல கேள்வி. பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்ப்பது கால்பந்து விதிகளுக்குள் வராது, யாரும் உங்களைத் தடுக்க முடியாது.

நான் பார்த்த ஒரு விளையாட்டுச் சங்கத்தில், இரண்டு வருடக் கணக்கிலும் பந்து வாங்கிய பில் இருந்தது. பில் எண் இரண்டிலும் ஒன்றே. தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதைப் பிடிக்க ஆடிட்டர் தேவையில்லை, இரண்டு வருடத்து வவுச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை போதும்.

இனி யாரிடம் கொடுப்பது. ஃபிஃபாவுக்கு ரகசியமாகப் புகார் அளிக்க இணையத்தில் ஒரு வழி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். உள்நாட்டு விவகாரத்தைப் பொதுவாக உள்நாட்டு ஒழுங்கு அமைப்பு முதலில் பார்க்க வேண்டும் என்பார்கள். அதனால் உள்ளூரில் கொடுத்து, பதில் வராததையும் ஆதாரமாக்கிக்கொண்டு ஜூரிக்கில் இருக்கும் ஃபிஃபா தலைமையகத்துக்கு எழுதுங்கள். ரகசியத்தை முழுதாக நம்ப வேண்டாம். 2018, 2022 உலகக் கோப்பை ஏலங்கள் பற்றி ஃபிஃபா ஒழுக்கக் குழுவின் விசாரணைத் தலைவர் மைக்கேல் கார்சியா விசாரித்தபோது, கத்தார், ஆஸ்திரேலிய ஏலக் குழுக்களில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் நம்பிச் சாட்சி சொன்னார்கள். 2014 நவம்பரில் ஃபிஃபாவின் நீதிபதி ஹான்ஸ் யோக்கிம் எக்கர்ட் வெளியிட்ட சுருக்கத்தில் அவர்களின் பெயர் இல்லை, ஆனால் யார் என்று எவரும் கண்டுபிடிக்கும்படி இருந்தது, சாட்சியமும் மட்டம் தட்டப்பட்டிருந்தது. அந்தச் சுருக்கத்தையே ஏற்காமல் கார்சியா அடுத்த மாதம் ராஜினாமா செய்தார். ஆகவே உங்கள் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரத்தைப் பெயரில்லாப் புகாரில் எழுதாதீர்கள்.

இன்னொரு கண்ணிவெடி. 2018-இல் திருத்திய ஃபிஃபா ஒழுக்க விதிகளில், ஃபிஃபாவைப் பற்றிப் பகிரங்கமாக அவதூறு பேசினால் இரண்டு வருடம் வரை தடை என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கிளப் செயலாளரும் அந்த விதிகளின் பார்வையில் நிர்வாகிதான். ஃபேஸ்புக்கில் எழுதித் தள்ளுவதற்கு முன் இது நினைவில் இருக்கட்டும். (அதே திருத்தத்தில் 'ஊழல்' என்ற சொல்லும் காணாமல் போனது. ஒழித்துவிட்டார்கள் போலிருக்கிறது!)

பலன் இருக்குமா என்று கேட்டீர்கள். ஃபிஃபாவின் ஒழுக்கக் குழுவை மட்டும் நம்பினால், குறைவு. 2017 மே மாதம் பஹ்ரைனில் நடந்த மாநாட்டுக்கு முன், எக்கர்ட்டையும் விசாரணைத் தலைவர் கார்னல் போர்பெலியையும் மறுநியமனம் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான வழக்குகள் பாக்கி இருக்கின்றன என்று போர்பெலி சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய முறைகேடுகள் உடைந்த வழிகளைப் பாருங்கள். ஹாவலாஞ்ச் லஞ்சம் வாங்கியது, பணம் கொடுத்த ஐஎஸ்எல் என்ற மார்க்கெட்டிங் கம்பெனி 2001-இல் திவாலாகி அதன் கணக்குகள் மற்றவர் கைக்குப் போனதால் வெளிவந்தது. 2015 கைதுகளுக்கு வித்திட்டவர் கான்ககாஃப் பொதுச் செயலாளர் சக் பிளேசர். அவரைப் பிடித்தது கால்பந்து விதி அல்ல, வருமான வரி. பல வருடம் வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவர், சிறையிலிருந்து தப்ப அமெரிக்கப் புலனாய்வுக்கு உளவாளியானார், சாவிக்கொத்தில் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்துக்கொண்டு பழைய நண்பர்களைச் சந்தித்தார். 2013-இல் ரகசியமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதனால் உங்கள் சங்கிலி நாலு கண்ணியும் சேர்ந்ததாக இருந்தால், ஃபிஃபாவுக்கு ஒரு பிரதி, உங்கள் நாட்டு லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஒரு பிரதி, ஒப்பந்தக்காரர் பில்லில் வரி ஏய்ப்பு தெரிந்தால் வரித் துறைக்கு ஒரு பிரதி. புகாரில் இன்னாரை விசாரியுங்கள் என்று கேளுங்கள். சங்கத்தைக் கலையுங்கள், நிர்வாகியை நியமியுங்கள் என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தடை என்ற பூச்சாண்டியை மறுபடி எழுப்புவார்கள்.

ஃபிஃபாவுக்கு ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், இரண்டு பக்கத்துக்குள். தமிழ் ஆவணங்களை மொழிபெயர்த்து இணையுங்கள். அசல் பில்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம், நகல் போதும். அசல் கிளப் அலமாரியில் அல்ல, உங்கள் வீட்டில் இருக்கட்டும்.