கரிசல் மண்ணில் ராஃப்ட்: அரை அடி கனம் போதுமா?

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் நிலத்தில் மனை வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "30-க்கு 40 மனை, தரைத்தளமும் மேலே ஒரு மாடியும். தூணுக்குத் தூண் வானம் தோண்ட வேண்டாம், வீடு முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாக, அதாவது ராஃப்டாக, அடித்தளம் போட்டுவிடலாம், அரை அடி கனமும் ஒரு வரிசைக் கம்பியும் போதும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். மண்ணைச் சோதிக்காமல், தூண்களில் இறங்கும் பாரத்தைக் கணக்கிடாமல் ராஃப்டின் கனத்தை யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

கரிசல் பாரத்தில் அமுங்குவது மட்டுமில்லை, ஈரம் பட்டால் உப்பவும் செய்யும். அதில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரை இழுத்து உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டுக்கு நடுவில் அடிமண் வெயில் மழை படாமல் கிடக்க, ஓரத்து மண் மட்டும் வருஷா வருஷம் ஏறி இறங்குவதால் மெல்லிய ராஃப்ட் அதோடு சேர்ந்து வளையும், அப்புறம் சன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடும்.

அதனால் முதல் செலவு மண் பரிசோதனைக்கு. மண்ணின் கெட்டியைக் காட்டும் எஸ்பிடி எண்ணோடு, தண்ணீரில் மண் எவ்வளவு உப்பும் என்று காட்டும் ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸும் கேட்டு வாங்குங்கள், அது 50 சதவீதத்தைத் தாண்டினால் நன்றாக உப்பும் மண் என்று அர்த்தம். கரிசல் எத்தனை அடிக்கு இறங்குகிறது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நாலைந்து அடியில் சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கு) வந்துவிட்டால் ராஃப்டே தேவைப்படாமல் போகலாம், அதுவரை தோண்டித் தூணுக்குத் தனித்தனி ஃபுட்டிங் (அடிப்பாதம்) வைத்து, மேலே தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் பிளிந்த் பீமால் கட்டிவிடுவது பெரும்பாலும் மலிவு, உறுதியும் கூட. கரிசல் ஆழமாகப் போனால் மண்ணுக்குள் ஆழமாக இறக்கும், அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தூணான அண்டர்ரீம்டு பைல்தான் என் தேர்வு. ஈரம் அதிகம் மாறாத ஆழத்துக்கு அது இறங்கி நிற்பதால் மேல்மண்ணின் ஆட்டம் வீட்டைத் தொடுவது குறைவு, ஆனால் பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் மண் உப்புவதற்கு 80 மி.மீ.யாவது இடைவெளி விட மறக்கக் கூடாது.

சரி, பொறியாளர் கணக்குப் பார்த்து ராஃப்ட்தான் என்று முடிவு செய்தாலும் ஒரு வரிசைக் கம்பி ஒத்து வராது. ராஃப்ட் என்பது கவிழ்த்துப் போட்ட மொட்டைமாடித் தளம் மாதிரி, மண் கீழிருந்து மேலே தள்ளும். அதனால் தூணுக்கு நேர் கீழே அடிக்கம்பியும் தூண்களுக்கு நடுவே மேல்கம்பியும் இழுவையைத் தாங்க வேண்டும், ஆக மேலும் கீழும் இரண்டு பின்னல் வரும். கான்கிரீட் ஊற்றும்போது ஆள் மிதித்து மேல்பின்னல் கீழே போய்விடாமல் இருக்கக் கம்பியிலேயே 'சேர்' எனும் நாற்காலி மாதிரித் தாங்கிகள் வளைத்து நிறுத்தச் சொல்லுங்கள். கம்பி மண்ணைத் தொடாமல் தூக்கிப் பிடிக்க அடியில் 50 மி.மீ. கவர் பிளாக் வேண்டும், உடைந்த செங்கல்லோ ஜல்லியோ கூடாது. மண்ணுக்குள் புதையும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது குறைந்தது எம்25 பலத் தரம். தண்ணீர் சிமெண்ட் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது, அதாவது மணலின் ஈரத்தையும் சேர்த்து மூட்டைக்கு 25 லிட்டர், கலவை இளக வேண்டும் என்று அங்கே ஒரு வாளி கூடுதலாக ஊற்றினால் பலம் குறைந்துவிடும். உங்கள் ஊர் வெயிலுக்கு ஓபிசி (சாதாரண) சிமெண்ட் என்றால் 10 நாள், பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்ட் என்றால் 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கழிவுநீர்க் குழாய் போகும் இடங்களில் முன்கூட்டியே ஸ்லீவ் (குழாய் நுழைய வழிவிடும் உறை) வைத்துவிட்டால் பிறகு ராஃப்டை உடைக்கும் வேலை இல்லை.

தோண்டி எடுத்த கரிசலை, காசு மிச்சம் என்று பேஸ்மென்டுக்குள் திருப்பிக் கொட்ட விடாதீர்கள், தரை டைல்ஸ் தூக்கிக்கொள்ளும். கிராவல் அடித்து அரையடிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்து இடியுங்கள். வீட்டைச் சுற்றி நாலைந்து அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்துத் தளம் போடுங்கள், மாடித் தண்ணீர்க் குழாயைச் சுவர் ஓரத்தில் விடாமல் தள்ளிக் கொண்டுபோங்கள், உறிஞ்சு குழியையும் வேப்பமரத்தையும் மனை எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.