மறுமொழி: மூன்று தாவீது சிலைகளில் எது யாருடையது?

வணக்கம். தேர்வில் படம் காட்டினால் மூன்று தாவீதும் ஒன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான். முதலில், பைபிள் கதையில் தாவீது கவணால் வீழ்த்திய ராட்சதன் கோலியாத்தின் தலை காலடியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மைக்கேலாஞ்சலோ. 1501 முதல் 1504 வரை செதுக்கிய பளிங்குச் சிலை, உயரம் 5 மீட்டருக்கு மேல். சண்டை இன்னும் தொடங்கவில்லை: புருவம் சுருங்கியிருக்கிறது, கவண் இடது தோளில் கிடக்கிறது, தொங்கும் வலக்கையில் நரம்பு புடைத்திருக்கிறது. அந்தக் கை உடம்புக்குக் கொஞ்சம் பெரிது. ஒருமுறை கவனித்தால் மறக்காது.

காலடியில் தலை இருந்தால் வெண்கலச் சிலைகள் இரண்டில் ஒன்று. தொப்பியும் காலணியும் தவிர உடம்பில் துணியே இல்லையா? டொனாட்டெல்லோ. உடுப்பு போட்டு, இடுப்பில் கை வைத்து, ‘எப்படி?’ என்பதுபோல் நிற்கும் பையன் வெரோக்கியோவுடையது. இவர்தான் லியனார்டோ டா வின்சியின் குரு.

அப்புறம், நீங்கள் இணைத்த படம் ஃபுளோரன்ஸ் சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்கும் நகல். மைக்கேலாஞ்சலோவின் அசல் 1873இலேயே அந்த ஊரின் அகாதெமியா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. வெண்கலச் சிலைகள் இரண்டும் அதே ஊரில், பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.